அஸ்கர் பாயின் நடை

“கையை நல்லா பிடிச்சுக்கோ” என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

தௌசிப் பழக்கத்தில் அத்தாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான். பிறகுதான் தெரிந்தது, இறுக்க வேண்டியதில்லை. விட்ட இடத்தில் கை அப்படியே கிடந்தது. இத்தனை வருடங்களாகத் தூக்கத்தில் மட்டுமே ஓய்ந்த கை.

“மெதுவா ஊத்துப்பா. மய்யித்துக்கும் நோவும்.”

உயிரோடு இருந்தபோது இதை யாரும் நினைக்கவில்லையே என்று தௌசிப்புக்குத் தோன்றியது. உயிரற்ற உடம்பின்மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினான்.

அத்தா அஸ்கர் பாய் தாம்பரம் மார்க்கெட்டில் தையல்கடை வைத்திருந்தவர். முதலில் கத்தரிக்கோல் கோட்டைவிட்டு விலகியது. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியின் பெருநாள் ஜிப்பாவில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தது. அடுத்து நடை ஆடியது. செம்பாக்கம் ஆட்டோ ஸ்டாண்டில், “இன்னா பாய், காலைலயே ஏத்திக்கினியா? எங்களுக்கு இல்லியா?” என்று சிரித்தார்கள். பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்கள். பிறகு, வீட்டிலேயே தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அவர் வாயை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை.

டீக்கடை துரை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுப்பார். கை எவ்வளவு ஆடினாலும் சிந்தாது. குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றுவார். அந்த அரை டம்ளரை அல்லாஹ் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்பார் அத்தா.

நகரத்து டாக்டர் ஒருவர்தான் நோயைக் கண்டுபிடித்தார். ரத்தம் சோதனைக்குப் பெங்களூர் போய் முடிவு வந்தது. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். புரதம் செய்ய உடம்பில் இருக்கும் குறிப்பில் ஓரிடத்தில் ஒரே சொல் அளவுமீறித் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் புரதத்துக்கு வால் நீண்டு, சரியாக மடங்காமல், ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. செல் தன் குப்பையைத் தானே அள்ள முடிவதில்லை. சக்தி உண்டாக்கும் வேலையும் சரக்குக் கொண்டுபோகும் வேலையும் தடுமாறுகின்றன. கடைசியில் செல் செத்துப்போகிறது. மூளையில் கைகாலை அடக்கி வைக்கும் இடத்தில்தான் முதல் அடி விழுகிறது.

“அடிநூல் சிக்கிக்கிச்சின்னு சொல்லுங்க” என்றார் அத்தா குழறலாக. “மேல பாத்தா தையல் ஓடுற மாதிரிதான் இருக்கும். துணிய திருப்பினா கொத்துக்கொத்தா முடிச்சு. அப்புறம் மெஷினே நின்னுடும்.”

டாக்டர் சிரித்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்.

ரயிலில் திரும்பும்போது அத்தா தௌசிப்பின் காதருகே சொன்னார்: “குடிகாரன்னே இருக்கட்டும்டா. குடி என்னோட போயிடும். பரம்பரை நோவுன்னா அனமை எவன் கட்டிப்பான்? வெளிய மூச்சு விடாதே.”

தங்கை அனமுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். வண்டலூர் அயூப் சாஹிபின் மகன் மாப்பிள்ளை. “அப்பன் குடிச்சா பொண்ணு இன்னா பண்ணும்?” என்று பெருந்தன்மையாகப் பேசி முடித்தவர் அயூப்.

வாழ்நாளெல்லாம் தைத்தவரைத் தையலில்லாத துணியில் சுற்றிய பிறகு, கற்பூரத் தட்டைத் திருப்பித் தர தௌசிப் சமையலறைப் பக்கம் போனான். அனம் கதவோரம் நின்றிருந்தாள்.

“தூக்கறதுக்கு முன்னாடி மன்னிப்பு கேக்கணும்ல, அண்ணா?”

“ஆமா. மய்யித்து யாரையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்கன்னு மகன்தான் கேக்கணும்.”

“யாரு யாருகிட்ட கேக்கறது!” என்றாள் அவள். “அம்மா இன்னா சொன்னாங்க?”

“நோவப் பத்தி வாயத் தொறக்காதேன்னாங்க. அத்தாவும் அதான் சொன்னாரு.”

“குடிகாரன் பொண்ண எடுக்கறோம்னு அவங்க நல்லவங்களாயிட்டாங்க. அத்தா கெட்டவராயிட்டாரு. நாளைக்கு என் கை ஆடினா, நானும் குடிச்சேம்பாங்களா?”

“சொன்னா அவங்க போயிடுவாங்க, அனம்.”

“இப்பவே போட்டும். ஒரு புள்ள பொறந்தப்புறம் போறதுக்கு இது எவ்வளவோ மேலு.” உள்ளறையில் அம்மா ஓதும் குரல் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

வாசலில் தெரு நிறைந்திருந்தது. மய்யித்தைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் முன்கம்பருகே அயூப் சாஹிப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். ஹஜ்ரத் கண் காட்டினார்.

“எங்க அத்தா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க” என்றான் தௌசிப்.

“மன்னிச்சிட்டோம்பா” என்றார் முத்தவல்லி. “குடிச்சது கிடிச்சதெல்லாம் இனிமே அவருக்கும் அல்லாஹ்வுக்கும்.”

இரண்டொருவர் தலையசைத்தார்கள்.

“அவர் குடிச்சதே இல்ல” என்றான் தௌசிப். “ஒரு சொட்டு கூட. அது மூளைல வர்ற நோவு. அதுலதான் ஆடினாரு. அதுலதான் செத்தாரு. அது எனக்கும் வரலாம், என் தங்கச்சிக்கும் வரலாம். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

முத்தவல்லி தொப்பியைச் சரி செய்துகொண்டு தரையைப் பார்த்தார். அயூப் சாஹிப் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அது அடிக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார்.

“தூக்குங்கப்பா” என்றார் ஹஜ்ரத்.

நான்கு கம்புகளில் மூன்றுக்கு ஆள் வந்தார்கள். அயூப் நின்ற இடம் காலியாக இருந்தது. அந்த நோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலப் பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து துரை வந்தார். “நான் பிடிக்கலாமா சாமி?” என்று ஹஜ்ரத்தைக் கேட்டார்.

“பிடிங்க.”

துரை மற்றவர்களைவிட ஒரு சாண் குள்ளம். தூக்கியதும் சந்தூக் அவர் பக்கம் சரிந்தது. “தம்பி, கொஞ்சம் நில்லு” என்று தௌசிப்பிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த கடைத் துண்டை ஒரு கையால் அவிழ்த்தார். பருமனாக மடித்துத் தோளில் வைத்து, அதன்மேல் கம்பைத் தாங்கினார்.

ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது சந்தூக் எந்தப் பக்கமும் சாயவில்லை.