முகரூராவின் மாத்திரைப் பெட்டி

முகரூரா கிழவர் மாத்திரைப் பெட்டியை ஓயாமல் திறந்து மூடுகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்.ஐ.வி. மாத்திரை காலையில் ஒன்றே ஒன்றுதான். நாங்கள் கொடுத்த அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி உண்டு; திறந்தால் எங்கள் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி விழும். இவருக்கோ விடிந்தால் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று, மாடு திரும்பினால் ஒன்று.

"யாருக்கோ பங்கு போட்டுக் குடுக்கிறார், ஒரிஷாபா," என்றார் டாக்டரம்மா. "அப்படின்னா இனிமே மாசத்துக்குச் சேத்துத் தர மாட்டேன். தினமும் வந்து என் கண்ணு முன்னாடி முழுங்கட்டும்."

தினமுமா? அந்த மனிதருக்கு முழங்கால் மடங்காது. நாலு நாள் மலையிறங்கி வருவார், பிறகு மாத்திரையையே விட்டுவிடுவார். அப்படி விட்டவர்களை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் நான். நானும் அதே மாத்திரை விழுங்குகிறவள்தான். அதனால்தான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

வாடகை மோட்டார் பைக்காரனைப் பிடித்து மலையேறினேன். கிழவர் வாசலில், பால் கெடாமலிருக்க, பால் குடத்துக்குப் புல்லைக் கொளுத்திப் புகை காட்டிக்கொண்டிருந்தார்.

"வா மகளே, பால் குடி."

"பாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். பெட்டியை எடுங்க!"

பாயில் கொட்டி எண்ணினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்புறம் எதுக்கு நாள் முழுக்கத் திறக்கிறீங்க? பொழுது போகலையா?"

வளர்ப்பு சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நீதானே மிரட்டினே, திறந்தா அங்கேருந்து பாப்பேன்னு. பாக்கிறவகிட்ட காலையில மட்டும் 'நல்லா விடிஞ்சுதா'ன்னு கேட்டுட்டு, மத்தியானம் கண்டுக்காம இருக்க முடியுமா? சாயங்காலம் 'பொழுது நல்லாப் போச்சா'ன்னு கேக்காம படுத்தா நான் என்ன மனுசன்?"

எங்கள் பக்கத்தில் காலையில் கேட்ட நலம் மதியத்துக்குச் செல்லாது, மதியத்தது சாயங்காலத்துக்குச் செல்லாது. மனைவி போனபின் அந்த மலையில் நலம் கேட்க அவருக்கு ஆளே இல்லை. பெட்டிக்குள் குனிந்து என்னிடம் நலம் கேட்டிருக்கிறார். என் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பெட்டிக்குக் காது கிடையாது, பெரியவரே! காலையில மட்டும் திறங்க. இல்லேன்னா டாக்டரம்மா உங்களைத் தினம் மலையிறக்கிடுவாங்க."

"சரி மகளே," என்றார். முகம் சுருங்கிப்போயிற்று.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். மாதாமாதம் தரும் மாத்திரை தப்பித்தது. மறுநாள் காலையில் ஒரு புள்ளி விழுந்தது. மதியம் இல்லை. சாயங்காலமும் இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அந்த வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்காரவே முடியவில்லை. மறுபடியும் பைக்காரனைப் பிடித்தேன்.

கிழவர் மாட்டுப்பட்டியை அடைத்துக்கொண்டிருந்தார்.

"பொழுது நல்லாப் போச்சா, பெரியவரே?" என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

"போச்சு மகளே, நல்லாப் போச்சு!" கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு வந்தார். அப்புறம், விட்டேனா பார் என்கிற மாதிரி, "மத்தியானத்தது பாக்கி நிக்குது. உக்காந்து அதையும் கேட்டுட்டுப் போ," என்றார்.

மதியத்தது சாயங்காலத்துக்குச் செல்லாது என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டேன்.