அடக்கத்துக்குப் பிறகு ஒரு வாய்ச் சோறு

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜெபசீலன் வீட்டில், அவர் ஜெபிக்காமல் யாரும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். மகள் ஷெரின் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்துவிடுவாள் என்று கடைசிவரை நம்பியவரும் அவர்தான். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம், பக்கத்து வீட்டு சாவித்ரம்மா ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். ஜெபசீலன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபம் பண்ணுங்க," என்றாள் மனைவி ஹெப்சிபா.

"எதுக்குடி இன்னிக்கு நன்றி சொல்றது?"

சத்தமாக ஒருநாளும் ஜெபித்திராத ஹெப்சிபா கண்களை மூடினாள்.

"ஆண்டவரே, உம்மேல எங்களுக்குக் கோவம்தான். ஆனா உம்மை விட்டா யார்கிட்ட போய் அழுவோம்? சாப்பிடப் பெலன் தாரும்."

அவரால் ஆமென் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மீதியை அவள் பிசைந்து ஊட்டினாள்.