பன்னிரண்டு டிரம் அரிசி

ஒரு வருஷம் முன்புவரை எங்கள் ‘கிரினாமி’ புலியாக இருந்த நாசகாரிக் கப்பல். நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோ விட்டு இரண்டு எதிரிக் கப்பல்களை மூழ்கடித்தது. அந்த டார்பிடோக் குழுவில் நானும் ஒருவன். பிறகு சாலமன் தீவு ஒன்றில் எங்கள் தரைப்படை பட்டினியில் மாட்டிக்கொண்டது. உபரி டார்பிடோக்களை இறக்கிவிட்டு, மேல்தளத்தில் அரிசி டிரம்களை அடுக்கினார்கள். மிதக்க வேண்டும் என்பதால் பாதிதான் நிரப்பியிருந்தார்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கயிற்றில் கோத்துக் கடலில் தள்ளுவோம். கரையிலிருப்பவர்கள் நுனியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும்.

“போர்க்கப்பல்ல வேலைன்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டேன். இப்ப அரிசி சுமக்கறேன்னு தெரிஞ்சா மாமனார் பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாரு” என்று புலம்புவார் குழுத்தலைவர் மொரிவாகி.

எனக்குச் சிரிப்பு வராது. என் தம்பி யசாகு அந்தத் தீவில்தான் இருந்தான். அவன் வயிற்றுக்குப் போகிற அரிசி என்றால் தலையில்கூடச் சுமப்பேன்.

மூன்று முறை இருட்டோடு தள்ளிவிட்டுத் திரும்பினோம். மூன்று முறையும் நீரோட்டம் பாதிக்கு மேல் அடித்துக்கொண்டு போனது. நான்காவது முறை தாமதமாகி விடிந்துவிட்டது. கடைசிச் சரத்தைத் தள்ளும்போதே எதிரி விமானங்கள் வந்தன. குண்டு இயந்திர அறையில் விழுந்தது. கால் மணி நேரத்தில் கிரினாமி இரண்டாக முறிந்து முழுகிப்போனது. அழ நேரமில்லை. துணைக்கு வந்த கப்பல் படகு இறக்கி, நீரில் கிடந்த எங்களை ஒவ்வொருவராகத் தூக்கத் தொடங்கியது.

படகிலிருந்து மொரிவாகி கை நீட்டினார். “ஏறுடா தோரிசோ!”

“கடைசிச் சரத்துக் கயிறு என் கையில இருக்கு அண்ணே. கரை கூப்பிடு தூரந்தான்.”

“பைத்தியமாடா உனக்கு? படகு நிக்காது!”

“நீங்க போங்க. மூணு தடவை விட்டாச்சு. இந்தத் தடவை விடமாட்டேன்.”

வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு தன் மிதவைச் சட்டையைக் கழற்றி என்மேல் எறிந்தார்.

கயிற்று நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தினேன். பவளப்பாறை முழங்காலைக் கிழித்தது. மணலில் போய் விழுந்தபோது ஏழெட்டுப் பேர் வந்தார்கள், எலும்பும் தோலுமாக. நான் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிற்றைப் பிடித்தார்கள்; இழுக்கத் தெம்பில்லை. ஒருவன் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான்.

“யசாகுன்னு ஒருத்தன். இடது புருவத்துல தழும்பு. தெரியுமா?”

உட்கார்ந்தவன் நிமிர்ந்தான். “நீங்க அவன் அண்ணனா? எங்கண்ணன் வருவான், சோறு வரும்னு சொல்லிச் சொல்லியே எங்களைச் சாகவிடாம வச்சிருந்தான்... முந்தாநாள் போயிட்டான்.”

கயிற்றை விட்டுவிட்டேன். அலை டிரம்களைப் பின்னால் இழுத்தது. கயிறு மணலில் ஓடத் தொடங்கியது. பாய்ந்து பிடித்தேன்.

“எந்திரிடா” என்றேன். “எல்லாரும் பிடிங்க. என் தம்பி சொன்ன சோறு வந்திருக்கு. இழுங்க!”