குட்டியின் காலடிச் சத்தம்

என் ஆறடித் தம்பிக்கு வீட்டில் குட்டி என்று பெயர். பைக் விபத்துக்குப் பிறகு அவன் கால்கள் பேச்சுக் கேட்பதில்லை. தினமும் வாக்கரைப் பிடித்து நின்று பழகினால் நடக்க வாய்ப்புண்டு, இப்போது விட்டால் அவ்வளவுதான் என்றார் வீட்டுக்கு வரும் பிசியோ.

நான் விஆர் விளையாட்டுகளுக்கு ஒலி அமைப்பவள். கண்ணில் கருவியை மாட்டினால் காடு தெரியும். கையிலுள்ள பொத்தானைத் தள்ளினால் அதற்குள் நடக்கலாம். பாவம், பொழுது போகாமல் கிடக்கிறானே என்று குட்டிக்கு ஒன்று கொண்டுவந்தேன். உடனே கழற்றிவிட்டான்.

"சும்மா மிதக்கிற மாதிரி இருக்குக்கா. செத்துப்போனவன் மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அவனுடைய பழைய ஷூக்களைக் கைகளில் மாட்டிக்கொண்டு, தட்டில் சரளையும் காய்ந்த இலையும் பரப்பி, அவன் நடையையே குத்திக் குத்திப் பதிவுசெய்து விளையாட்டில் சேர்த்தேன். குதிகாலை ஓங்கி வைத்து, வலது காலை லேசாக இழுத்து. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரும் நடை அது, எனக்கா தெரியாது?

மறுபடி மாட்டினான். காட்டுக்குள் நாலடி போய் நின்றான். "அக்கா, இது நான்தான்," என்று அழுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் காட்டைவிட்டு வரவே இல்லை. பிசியோ வந்தால், "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்பான். அங்கே ஓடுகிறவனுக்கு இங்கே நடுங்கிக்கொண்டு நிற்க என்ன தலையெழுத்து? கெஞ்சினேன், திட்டினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நீதானே குடுத்தே, நீயே புடுங்கு," என்றாள் அம்மா.

இன்று பிசியோ வந்ததும், என் லேப்டாப்பிலிருந்து காலடிச் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். காற்றும் பறவைகளும் அப்படியே இருந்தன. வெறுத்துப்போய்க் கழற்றிவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கழற்றவில்லை. பொத்தானைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு குனிந்து, கண்ணில் கருவியோடே தன் முழங்கால்களைத் தடவினான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "மறுபடியும் என் காலு போயிடுச்சுக்கா."

பிசியோ வாக்கரை அவன் முன்னால் இழுத்துப் போட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை, சத்தத்தைத் திறந்துவிட்டேன்.

குட்டி சிரித்தான். அவன் கட்டைவிரல் வேகம் பிடித்தது.

"அப்போ நாளைக்கு வரட்டுமா?" என்று என்னைக் கேட்டார் பிசியோ.