கடகடக்கும் பலகை

தாஹி துப்பாக்கியில் தோட்டாவைத் திணித்துக்கொண்டே, வாசலுக்கு வந்தவர்களை விரட்டினான்.

"போங்கய்யா! துக்கம் கேக்க யாரும் வரவேணாம். ரத்தத்துக்கு ரத்தம் விழட்டும், அப்புறம் வாங்க, காப்பி தரேன்."

தெற்கு எகிப்தின் கெனா ஊர்ப் பக்கத்தில் பழி தீராமல் யாரும் துக்கம் ஏற்பதில்லை. அவன் அண்ணன் ரஷ்வானைப் புதைத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நேற்றுக் காலை கல்யாணப் பெண்ணின் அண்ணன், தச்சர்களான இந்த அண்ணன் தம்பி கல்யாணச் சீருக்குச் செய்து கொடுத்த சின்ன அலமாரியின் கதவைக் கொண்டுவந்து பட்டறைக்குள் வீசினான். பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. எந்தக் கை செய்தது என்று கத்தினான். "என் கைதான்" என்றான் ரஷ்வான். அங்கே கிடந்த கொட்டாப்புளிச் சுத்தியல் ரஷ்வானின் மண்டையில் மூன்று முறை இறங்கியது.

"அடிச்சவனத்தான் போலீஸ் கொண்டு போயிருச்சே, தாஹி" என்றாள் ரஷ்வானின் மனைவி பஹீகா.

"அவன் அப்பன் வெளியதான இருக்கான்? எனக்கு அவன் போதும், அண்ணி."

பஹீகா பட்டறைக்குள் போனாள். ரத்தம் காய்ந்த கதவை இழுத்துவந்து அவன் காலடியில் போட்டு, கோடாலியால் ஓங்கி வெட்டினாள். இரண்டாம் வெட்டில் சட்டம் உடைந்து, பலகை செருகியிருந்த காடிப் பள்ளம் வாயைப் பிளந்தது. உள்ளே நெடுக மஞ்சளாய்ப் பசை இறுகிக் கிடந்தது.

"காடிக்குள்ள பசை வெக்காத, வெயில்ல மரம் சுருங்கும், நகர இடம் விடுன்னு உங்கண்ணன் எத்தன வாட்டி சொன்னாரு?"

தாஹியின் முகம் வெளுத்தது. "அந்தக் கல்யாணப் பொண்ணோட அம்மா கதவக் குலுக்கிப் பாத்துட்டு, கடகடன்னு ஆடுது, இதெல்லாம் ஒரு வேலையான்னு சிரிச்சா, அண்ணி. ரோஷத்துல பசைய ஊத்தி..."

"நேத்து அவன் கதவ வீசுனப்ப டீத் தட்டோட பட்டறையிலதான் நின்னேன். பிளந்தத ஒரு தடவ பாத்தாரு. உன்ன ஒரு தடவ பாத்தாரு. அப்புறந்தான் 'என் கை'ன்னாரு."

அவன் அவளை அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் துப்பாக்கிக் குழலைப் பிடித்து அவன் நெஞ்சிலேயே வைத்தாள்.

"காரணமானவனச் சுடணுமா? ரொம்ப தூரம் போகாத."

இருவரும் இழுத்துக்கொண்டதில் வெடித்துவிட்டது. குண்டு நிலைப்படிக்கு மேலே பாய, காரை பொலபொலவென்று இருவர் தலையிலும் கொட்டியது. தாஹி அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தி அழுதான். அவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனையும் குழிக்குள் வைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"எந்திரி. வாசல்ல நாற்காலி போடு. துக்கம் கேக்க வரட்டும்" என்றாள்.

அடுக்களையில் சர்க்கரை போடாமல் காப்பி வைத்தாள். வெளியே ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. தட்டை எடுக்க வந்த தாஹியின் தோள், ரஷ்வான் அவளுக்காகச் செய்த குவளை அலமாரியில் இடித்தது. கதவுப் பலகை காடிக்குள் கடகடத்தது. பழக்கதோஷத்தில் அவன் உள்ளங்கையை வைத்து அதை அழுத்தினான்.

பிறகு கையை எடுத்துக்கொண்டான்.