கனகேஸ்வரியின் வாரம்

எங்கள் சமையலறையில் முதலாளி கிடையாது. கொழும்பில், வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் கராஜை வாடகைக்கு எடுத்து, ஆறு பெண்கள் சேர்ந்து புதுக்கடை நீதிமன்றத்தாருக்குச் சோற்றுப் பார்சல் கட்டினோம். வாரத்துக்கு ஒருத்தி தலைவி. திங்கட்கிழமை காலையில் கராஜ் பூட்டின் திறப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்பவள் சொல்வதை மற்ற ஐவரும் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். யாருடைய வாரமானாலும் உப்புப் போடுவது வரை கட்டளையிட்டவளும் நானே.

தொண்ணூற்றேழில் கனகேஸ்வரியின் முறை வந்தது. போருக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்து மூன்று மாதம். சிங்களத்தில் நாலு சொல்லும் தெரியாது.

"இந்த முறை அவவைத் தவிர்த்து விடுவம். பொலிஸ் வந்தா என்னத்தைக் கதைக்கிறது?" என்றேன்.

கொட்டாஞ்சேனை மேபல் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "முறையெண்டா முறைதான், அருந்ததி. ஆளுக்கொரு சட்டமோ?"

முதல் வாரத் தலைவியாக இருந்த அவள், தன் கழுத்திலிருந்த திறப்பைக் கழற்றிக் கனகேஸ்வரியிடம் கொடுத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புதன்கிழமை பொலிஸ் வந்தது.

"மெத்தன லொக்கா கவுத?" இங்கே பொறுப்பு யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நீதிமன்றத்துக்குள் தினமும் பார்சல் போகிறதாம், சோற்றோடு குண்டும் போகலாமாம், பொறுப்பானவள் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். அப்படிப் போன பக்கத்து லொட்ஜ்க்காரி பதினொரு நாள் கழித்துத்தான் திரும்பியிருந்தாள்.

எல்லாக் கண்களும் என்னைப் பார்த்தன. இருபது வருடம் கொழும்பில் இருந்தவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு என் வாயில் கொழுக்கட்டை.

"மம," என்றாள் கனகேஸ்வரி. நான் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. திறப்பை மேபலின் கையில் வைத்துவிட்டு, "பருப்பு அடிப்பிடிக்கப் போகுது, இறக்குங்கோ," என்று சொல்லி ஜீப்பில் ஏறினாள்.

எங்கள் பார்சல் சாப்பிடும் சட்டத்தரணி ஒருவரை மேபல் பிடித்து வந்து பேச வைத்ததால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளை விட்டார்கள். அந்த இரண்டு நாளும் குழம்பில் உப்புக் கூடிப்போனது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை என் முறை. கனகேஸ்வரி திறப்பை நீட்டினாள். வாங்க எனக்குக் கை நீளவில்லை. குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன், காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயமெண்டா சொல்லுங்கோ, அக்கா. அவங்கள் வந்தா நானும் பக்கத்தில நிக்கிறன்."

போன திங்கட்கிழமை, நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.