‘ப’ வரவில்லை

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அக்கா அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள்.

“டேய், ப வரலடா.”

“வரலன்னா?”

“வரலன்னா வரல. ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடிச்சுட்டு தட்டினா ம வருது, த வருது. ப மட்டும் வெறும் புள்ளியா விழுது.”

“பென்டிரைவ எடுத்துட்டு மறுபடி சொருகிப் பாரு.”

“பாத்தாச்சு.”

“சாயங்காலம் பாக்கறேன்க்கா.”

“அதுவரைக்கும் ப இல்லாம என்னத்தடா டைப் பண்றது? இந்தக் கூட்டத்துல பேசினவன் பூரா பட்ஜெட் பட்ஜெட்னு உயிர வாங்கறான்.”

“ப-வ மட்டும் வலது கையால தட்டேன்.”

“நக்கலா?” என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். கோளாறு ஒன்றும் இல்லை. அன்று காலை ஆறரைக்கு, அக்கா குளிக்கப் போயிருந்தபோது, ப-வை அவன்தான் எடுத்தான். ஒற்றைக் கையால் குளித்து உடுத்தி வர அவளுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அவனுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

விசையைத் தட்டினால் விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. ஓர் எண்ணை அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஷிப்டைப் பிடித்திருந்தால் அட்டவணையில் வேறு அடுக்கு, ஆல்டைப் பிடித்திருந்தால் இன்னொரு அடுக்கு. கணினித் திரையை ஆளும் மென்பொருள் அதைப் பார்த்து எழுத்தைக் கொடுக்கிறது. அந்த அட்டவணைகளைப் பார்த்துக்கொள்வதுதான் பதினோரு வருடமாக அவன் வேலை.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் நேரானது. கால் வந்தது. வலது கை வரவில்லை.

அவள் பதிவு செய்யப்பட்ட கூட்டங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்பவள். பத்து நிமிடப் பதிவை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் தட்டும் விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம். மெய்கள் அநேகமாக எல்லாம் வலப்பக்கம். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரம் அவள் உட்கார்ந்து பார்த்தாள். அ, இ, உ வந்தன. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவன் புதிதாக ஓர் அடுக்கு எழுதினான். ஸ்பேஸ் பாரைத் தட்டி உடனே விட்டால் இடைவெளி. பிடித்திருந்தால் விசைப்பலகையின் வலப்பாதி, கண்ணாடியில் தெரிவதுபோல், இடது கையின் கீழே வந்துவிடும். ஆள்காட்டி விரலுக்கு ஆள்காட்டி விரல், சுண்டுவிரலுக்குச் சுண்டுவிரல். தட்டுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவே எல்லை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த எல்லையைச் சரிசெய்யத்தான் இரண்டு வாரம் ஆனது.

ஆறு வாரத்தில் அக்கா அதைப் பழகினாள். பென்டிரைவில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். பத்து நிமிடப் பதிவு, ஐம்பத்தைந்து நிமிடம். பக்கத்து மேசைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். வலது கை மடியில் கிடந்தது.

சனிக்கிழமைகளில் பிசியோதெரபி அம்மாள் வருவாள். அவளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

“இந்த ஆள்காட்டி விரல்ல அசைவு இருக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ வேல செய்யணும். இவங்க பத்து தடவ செஞ்சுட்டு டிவி பாக்கறாங்க” என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவனிடம் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க நல்லதுன்னு செஞ்சதுதான் தம்பி இவங்களுக்கு வினையா நிக்குது. வேல இல்லாத கைய மூளை மறந்துடும். இன்னும் நாலஞ்சு மாசம். அதுக்குள்ள வரலன்னா கஷ்டம்.”

அவன் அக்காவிடம் கேட்டான்.

“வாரத்துக்கு ஒரு எழுத்தா வலது கைக்கு மாத்தலாம்க்கா. விரலுக்கும் வேல கிடைக்கும்.”

“அதுல கைய வெச்ச, கைய ஒடிச்சிருவேன். எந்தக் கையாலன்னு கேக்காத.”

“விளையாடல.”

“நானும் விளையாடல. மூணு பதிவு சேந்தாப்ல லேட் ஆச்சுன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. கை வந்தா நல்லதுதான். வரலன்னா இதுவே எனக்குப் போதும். வேல போச்சுன்னா யார்ரா கூப்ட்டு குடுப்பா?”

அடுத்த திங்கட்கிழமை அவன் ப-வை எடுத்தான். அடிக்கடி வரும் எழுத்து. ஆள்காட்டி விரல் ஓய்வாக இருக்கும் இடத்திலேயே இருக்கும் விசை.

அன்று மாலை பென்டிரைவை ஒரு மணி நேரம் கணினியில் சொருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, கோளாறு ஆழமாக இருக்கிறது, சரிசெய்ய நாளாகும் என்றான். அவள் நம்பினாள். அவன் துறையில் அவன் சொன்னால் வேதவாக்கு.

அவள் தட்டுவதை அவன் பின்னாலிருந்து பார்த்தான். ப வரும் இடத்தில் நிறுத்துவாள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கி, விசைக்கு மேலே கொண்டுபோய், விடுவாள். விரல் விழும். ப வரும். வலது கையை ஓரமாக நகர்த்திவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவாள். ஒரு ப-வுக்கு நான்கு நொடி. அவன் எண்ணிக்கொண்டான். வேறொன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் வாரம் க போனது.

“இப்ப க அடிச்சா எ விழுதுடா. பல்லு விழற மாதிரி ஒண்ணொண்ணா விழுதே.”

“பாத்துட்டுதான் இருக்கேன்.”

மூன்றாம் வாரம் ல, ர. இரண்டும் அதே விரல்தான். அந்தச் சனிக்கிழமை பிசியோதெரபி அம்மாள் அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா, திருட்டுத்தனமா பயிற்சி செய்யறீங்களா?” என்று கேட்டாள். விரல் அவள் உள்ளங்கையை லேசாக அழுத்தியது. தானாக. அக்கா சிரித்தாள். அவன் டீ போட உள்ளே போனான்.

அவன் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்பவருக்குச் சந்தேகம் என்று பட்டப்பெயர். நல்ல மனிதர். சூரியன் கிழக்கே உதித்தாலும் இரண்டு தடவை சரிபார்ப்பார்.

“அக்கா கீபோர்டு எப்படிப்பா ஓடுது?”

“நாலு எழுத்த எடுத்துட்டேன். விரல் அசைய ஆரம்பிச்சிருக்கு.”

“சரின்னாங்களா?”

“வேண்டாம்னாங்க. அவங்களுக்குத் தெரியாது. கோளாறுன்னு சொல்லியிருக்கேன்.”

சந்தேகம் டீயை ஊதிக் குடித்தார். “பிள்ளையையும் கிள்ளிவிடற, தொட்டிலையும் ஆட்டற.”

“விரல் அசையுது சார்.”

“அசையட்டும். அந்த டெஸ்ட் பாஸ். அவங்க வேல எப்படி இருக்கு, அதச் சொல்லு.”

அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். விரல் வாரத்துக்கு வாரம் வேகமாகிறது. மாதக் கடைசிக்குள் ஈடுகட்டிவிடும். அப்படித்தான் சந்தேகத்திடமும் சொன்னான்.

“இப்ப ஒரு பதிவுக்கு எத்தன நிமிஷம் ஆகுதாம்?”

“கேக்கல.”

சந்தேகம் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டிலிருந்து வேலை பார்ப்பான். நான்காம் வாரத்து வெள்ளியன்று அக்கா மூன்று மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். அவன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்டிரைவை அவன் விசைப்பலகைமேல் வைத்தாள்.

“எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்காரன் இதத் திறந்து பாத்தான்.”

அவன் நிமிர்ந்தான்.

“இதுல கோளாறே இல்லையாம். எழுதினவர் கெட்டிக்காரராம். ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு, காரணம் போட்டு வெச்சிருக்காராம். எனக்குப் படிச்சுக் காட்டினான்.”

தேதியும் காரணமும் இல்லாமல் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்பது அவன் நிறுவனத்தில் விதி. பதினோரு வருடத்தில் அது கையோடு ஒட்டிவிட்டது. ப நீக்கம். காரணம்: வலது ஆள்காட்டி விரலுக்குப் பயிற்சி. க நீக்கம். காரணம்: மேற்படி. எழுதிய ஞாபகம்கூட அவனுக்கு இல்லை.

“மேற்படியாம்” என்றாள் அக்கா.

“அக்கா—”

“எழுபது நிமிஷம், எழுபத்தெட்டு, எண்பத்தொண்ணு. திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க.”

“நான் வந்து பேசறேன். இப்பவே பழையபடி மாத்தித் தரேன். அஞ்சு நிமிஷம்.”

“கம்ப்யூட்டர்காரனும் அதத்தான் சொன்னான். அஞ்சு நிமிஷம் மேடம்னு. அதுக்குள்ள மேல எழுதிப் போட்டாச்சு, ஆளும் பாத்தாச்சு. ரெண்டு கைக்காரி.”

“என் மேல தப்புன்னு சொன்னியா?”

“கூடப் பொறந்தவன் செஞ்சான்னு எந்த வாயால சொல்றது? மிஷின் கோளாறுன்னேன். கோளாறு மிஷினோட உங்களுக்கும் கஷ்டம்தானேம்மான்னாங்க. தன்மையாத்தான் சொன்னாங்க.”

தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் மணி விட்டு விட்டு ஒலித்து நின்றது. அவன் பென்டிரைவைச் சொருகினான். கோப்பைத் திறந்தான். நான்கு நீக்க வரிகள். நான்கையும் அழித்தான். சேமித்தான். தேதி போடவில்லை. பென்டிரைவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் அதைத் தொடவில்லை. வலது கை மேசைமேல் இருந்தது. அதை எப்போது மேலே வைத்தாள் என்று அவன் கவனிக்கவில்லை. இடது கை மடியில் இருந்தது. வலது ஆள்காட்டி விரல் மட்டும் எழும்பி மேசைப் பலகையில் விழுந்தது. மறுபடி எழும்பி விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எதுக்குடா அழிச்ச? வேலதான் போயிடுச்சே” என்றாள். “சொல்லு. அடுத்து எந்த எழுத்த எடுக்கறதா இருந்த?”